சுண்ணாம்புக்கல் இல்லாத ஊரின் சிமெண்ட் கம்பெனி

கல்கத்தாவைச் சுற்றி எங்கே தோண்டினாலும் வண்டல் மண்தான் வரும். சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் இந்தக் கங்கைப் படுகையில் கிடையாது. எல்லைக்கு அப்பால் வங்கதேசத்துக்கும் இதே கதிதான். அங்கே சாதக் என்ற ஊரில் இருக்கும் ஆலை, மேகாலயா மலைகளிலிருந்து கல்லைக் கொண்டுவர 17 கிலோமீட்டர் நீளத்துக்குக் கன்வேயர் பெல்ட் போட்டிருக்கிறது. கல் பெல்ட்டிலேயே பயணம் செய்து நாட்டின் எல்லையைக் கடக்கிறது. கல்லைச் சூளையில் சுட்டு எடுப்பது கிளிங்கர்; அதை அரைத்தால் சிமெண்ட். ஒரு டன் கிளிங்கர் எடுக்க ஏறக்குறைய ஒன்றரை டன் கல் வேண்டும். ஆகவே கல் இருக்கும் இடத்தில்தான் சூளை வைக்க வேண்டும். இது இந்தத் தொழிலின் பாலபாடம்.

இருந்தும், நாட்டின் மிகப் பெரிய சிமெண்ட் கம்பெனிகளில் ஒன்றுக்குத் தலைமை அலுவலகம் இந்த ஊரில்தான், ஸ்ட்ராண்ட் ரோடு 21ஆம் எண்ணில், இருக்கிறது. ஸ்ரீ சிமெண்ட்டைச் சொல்கிறேன். 1979இல் பதிவான கம்பெனி. 1985இல் ராஜஸ்தானில் பியாவர் என்ற ஊரில் ஆண்டுக்கு 6 லட்சம் டன் திறனோடு உற்பத்தி தொடங்கியது. இன்று அதன் திறன் இந்தியாவுக்குள் மட்டும் 5 கோடி டன்னுக்கு மேல். அதற்கு வெளியே ஐக்கிய அரபு அமீரகத்தில் ஓர் ஆலை. நான் அந்தக் கம்பெனியில் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கியவனில்லை. முதலில் ஒரு ஸ்டாக்கிஸ்டிடம் கணக்குப் பார்த்தேன். பிறகு போட்டிக் கம்பெனி ஒன்றில் சரக்குப் போக்குவரத்தைக் கவனித்தேன். எதிர்வரிசையில் நின்று அதன் வளர்ச்சியைப் பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம். போட்டியாளன் கண்ணுக்கு விளம்பரம் தெரியாது, வாடகைக் கணக்குத்தான் தெரியும். அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிக்குப் பக்கத்தில், தாழையூத்தை ஒட்டிய கிராமம். சங்கர் நகர் ஆலையின் சங்கொலி கேட்டு எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். பள்ளி முடித்துக் கொஞ்ச நாள் சும்மா இருந்தவனை, லேக் மார்க்கெட்டில் குடியிருந்த தாய்மாமா எண்பதுகளின் தொடக்கத்தில் இங்கே கூப்பிட்டுக்கொண்டார். அன்றைக்கு லேக் மார்க்கெட்டைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் தமிழிலேயே பேரம் பேசி வாங்கலாம். தட்டச்சும் கணக்கும் தெரிந்த தெற்கத்திப் பையனுக்கு மார்வாடி அலுவலகங்களில் வேலை கிடைப்பது சிரமமாக இல்லை.

நான் சேர்ந்த காலம் கட்டுப்பாட்டுக் காலத்தின் வால். சிமெண்ட் அப்போது கடையில் போய் வாங்குகிற பொருள் அல்ல; பெர்மிட் வாங்கிப் பெறுகிற பொருள். விலையை அரசு வைத்தது. எந்த ஆலை எந்த மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் அரசு சொன்னது. ரயில் வாடகையைப் பொதுக் கணக்கில் சேர்த்து, நாடு முழுவதும் எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் ஒரே விலை என்று வைத்திருந்தார்கள். ஏழை மாநிலத்துக்கும் மலை மாநிலத்துக்கும் நியாயமாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் விளைவு வேறாக இருந்தது. சந்தைக்கு அருகே ஆலை வைத்தவனுக்கும் ஆயிரம் மைல் தள்ளி வைத்தவனுக்கும் லாபத்தில் வித்தியாசம் இல்லை. செலவைக் குறைக்க யாருக்கும் அவசரம் இல்லை. பற்றாக்குறை மட்டும் வளர்ந்தது. மகாராஷ்டிரத்தில் சிமெண்ட் ஒதுக்கீட்டை ஒட்டி எழுந்த புகாரில் முதலமைச்சர் அந்துலே 1982 ஜனவரியில் பதவி விலகினார் என்றால், அன்று ஒரு மூட்டைக்கு இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்த மாதமே, 1982 பிப்ரவரி 28 அன்று, பாதிக் கட்டுப்பாடு தளர்ந்தது. பழைய ஆலைகள் உற்பத்தியில் மூன்றில் இரண்டு பங்கை லெவி என்ற கட்டுப்பாட்டு விலைக்கு அரசுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வெளிச்சந்தையில் விற்கலாம். புதிய ஆலைகள் பாதியைக் கொடுத்தால் போதும். பியாவர் ஆலை எழுந்தது இந்த இடைவெளியில். 1989 மார்ச் 1 அன்று கட்டுப்பாடு முழுவதுமாகப் போனது. வாடகைப் பொதுக்கணக்கும் போனது. எங்கள் அலுவலகத்தில் அன்று முதல் புதிதாக ஒரு பேரேடு திறந்தோம்: ஒவ்வொரு ஆலையிலிருந்தும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டன்னுக்கு என்ன செலவு என்ற பேரேடு. இந்தத் தொழிலின் உண்மையான சரித்திரம் அன்றிலிருந்துதான் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன்.

சிமெண்ட் எடை மிகுந்த, விலை குறைந்த சரக்கு. தங்கத்தை விமானத்தில் அனுப்பலாம், துணியை லாரியில் தேசம் முழுவதும் அனுப்பலாம். சிமெண்டை முந்நூறு நானூறு கிலோமீட்டர் சாலையில் ஓட்டினாலே வாடகை லாபத்தைத் தின்றுவிடும். பியாவருக்கும் கல்கத்தாவுக்கும் ரயிலில் 1,600 கிலோமீட்டருக்கு மேல். அதனால்தான் ஸ்ரீ சிமெண்ட்டின் அலுவலக வாசலைத் தினமும் கடந்து போன நான், பல ஆண்டுகள் எங்கள் கிட்டங்கியில் அதன் மூட்டை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. தலை இங்கே, உடல் மார்வார் பாலைவனத்தின் ஓரத்தில். பணமும் தீர்மானமும் ஹூக்ளிக் கரையில். கல்லும் சூளையும் ஆரவல்லி மலையடியில். டிட்வானாவிலிருந்து வந்து கல்கத்தாவில் வேரூன்றிய பாங்கர் குடும்பத்துக்கு இது இயல்பான ஏற்பாடுதான்.

எங்கள் வேலை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தூரம் என்பது காகிதக் கணக்காகவே நின்றுவிடும். சிட்பூர், ஷாலிமார் சரக்கு நிலையங்களில் ரேக் வந்து நிற்கும். ஒரு ரேக் என்றால் சுமார் 40 வேகன், இரண்டாயிரத்து ஐந்நூறு டன்னுக்கு மேல் சரக்கு. வண்டி வருவது பெரும்பாலும் நள்ளிரவில். ரயில்வே கொடுத்த மணிக்கணக்குக்குள் இறக்கி முடிக்காவிட்டால் டெமரேஜ் ஏறும்; இறக்கிய சரக்கைப் பிளாட்பாரத்திலிருந்து அகற்றாவிட்டால் வார்ஃபேஜ். லாரி கிடைக்காது, கூலியாட்கள் சாத் பூஜைக்கு பீகார் போயிருப்பார்கள், மேலே மேகம் திரண்டு நிற்கும். 1987இல் வந்த சட்டம் சிமெண்டையும் சணல் பையில்தான் கட்ட வேண்டும் என்றது. சணல் ஆலைகளில் வேலை செய்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அது வாழ்வு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கொக்கி போட்டு இழுத்த சணல் மூட்டையிலிருந்து சிமெண்ட் சிந்திக்கொண்டே வரும். வங்காளத்து ஆவணி ஈரத்தில் அந்த மூட்டை சில வாரங்களிலேயே கட்டி தட்டும். மூட்டைக்குள் கையை விட்டால் குளிர்ச்சியாக, மாவு போல இருக்க வேண்டும். விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டு, அது நெரித்தாலும் உடையாவிட்டால் அந்தச் சரக்கைத் தளம் போடக் கொடுக்கக் கூடாது. அப்படிப்பட்ட ஒரு லாட்டை ஒரு சப்ளையர் எங்கள் தலையில் கட்டி, திருப்பி எடுக்க மறுத்தபோது, என் முதலாளி அத்தனையையும் பாதை போடவும் மேடை கட்டவும் தள்ளிவிட்டு நஷ்டத்தை ஏற்றுக்கொண்டார். வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு மூட்டை போகவில்லை. அந்த மனிதரிடம் நான் தொழில் கற்றேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

உலகப் போட்டி கல்கத்தாவுக்கு வெளிநாட்டிலிருந்துதான் முதலில் வந்தது. 1999இல் பிரான்ஸின் லஃபார்ஜ், டாடாவின் டிஸ்கோவிடமிருந்து ஜோஜோபேராவையும் சோனாதியையும் உள்ளடக்கிய சிமெண்ட் தொழிலை வாங்கியது. இரண்டு ஆண்டில் ரேமண்டின் சிமெண்ட் ஆலையும் அவர்கள் கைக்குப் போனது. உலகின் மிகப் பெரிய சிமெண்ட் கம்பெனிகளில் ஒன்று எங்கள் டீலர் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தது. பெஹாலாவிலும் பாராசாத்திலும் கட்டுமானப் பொருள் விற்கும் கோலாக்காரர்கள் பயந்துதான் போனார்கள். நாங்களும்தான். அவர்கள் கொண்டுவந்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: கொத்தனாரை மதித்தார்கள். ராஜமிஸ்திரிகளை உட்கார வைத்துத் தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும், எத்தனை நாள் நனைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது அவர்கள் வந்த பிறகுதான் இந்தப் பக்கத்தில் எல்லாக் கம்பெனிக்கும் கடமையானது.

கசடு சிமெண்ட்டின் மேல் இந்த ஊருக்கு இருக்கும் நம்பிக்கையும் இந்த இடத்தில் சொல்லத் தகுந்தது. துர்காபூர், ஜாம்ஷெட்பூர், பொக்காரோ என்று சுற்றிலும் ஊதுலைகள். அவற்றின் கசடை நீரில் குளிரவைத்து அரைத்தால் கிளிங்கரோடு சேர்ந்து அருமையாக இறுகும். கசடு சிமெண்ட்டில் எழுபது சதவீதம் வரைகூடக் கசடு சேர்க்க விதி இடம் கொடுக்கிறது. அனல்மின் சாம்பல் கலக்கும் சிமெண்ட்டில் முப்பத்தைந்து சதவீதம் வரை சாம்பல். இதன் பொருளாதாரத்தைப் பாருங்கள். சாம்பலும் கசடும் இங்கேயே கிடைக்கின்றன. தொலைவிலிருந்து வர வேண்டியது கிளிங்கர் மட்டும். அதுவும் ஒரு டன் சிமெண்ட்டுக்கு அரை டன்னோ அதற்குக் கொஞ்சம் மேலோ போதும். கிளிங்கர் மழையில் கொஞ்சம் நனைந்தாலும் மூட்டைச் சிமெண்டைப் போல வீணாகாது. ஆகவே சூளையைக் கல்லுக்குப் பக்கத்தில் வை, அரைவை ஆலையைச் சந்தைக்குப் பக்கத்தில் வை. கோலாகாட் அனல்மின் நிலையத்தின் பக்கத்தில் எங்கள் ராஜபாளையத்து ராம்கோ அரைவை ஆலை வைத்தது இதே கணக்கில்தான். மேதினிபூர் சாலையில் அந்த மூட்டைகளை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

ஸ்ரீ சிமெண்ட் இந்தக் கணக்கை எல்லோரையும் விடப் பிடிவாதமாகப் போட்டது என்பதே என் கருத்து. முதல் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அது ராஜஸ்தானை விட்டு வெளியே சூளை வைக்கவில்லை. பியாவரில் 1997இல் இரண்டாவது அலகு. பிறகு அன்று பாலி மாவட்டத்தில் இருந்த ராஸ் என்ற இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சூளைகள். ஒரே இடத்தில், ஒரே மாதிரி வரைபடத்தில், ஒரே ஆட்களைக் கொண்டு திரும்பத் திரும்பக் கட்டினால் கட்டும் காலம் குறையும். மற்றவர்கள் இரண்டு மூன்று ஆண்டு எடுத்துக்கொண்ட சூளையை அவர்கள் ஓராண்டைச் சுற்றியே எழுப்பியிருக்கிறார்கள். வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வருடம் மிச்சம் என்றால் அது எவ்வளவு பெரிய தொகை என்று கடன் வாங்கி வீடு கட்டியவர்களுக்கே தெரியும்.

அடுத்தது எரிபொருள். சூளைக்குள் கல் 1,450 டிகிரி வரை சூடாக வேண்டும். சிமெண்டின் செலவில் பெரும் பங்கு நிலக்கரிக்கும் மின்சாரத்துக்கும்தான் போகிறது. ராஜஸ்தானில் நல்ல நிலக்கரி கிடையாது. கிழக்கிலிருந்து ரயிலில் வர வேண்டும். பெட்ரோலியச் சுத்திகரிப்பில் மிஞ்சும் பெட் கோக் என்ற கரி கந்தகம் மிகுந்தது, எரிப்பதற்குச் சிரமமானது, ஆனால் வெப்பம் அதிகம், விலை குறைவு. அதையே முழுமையாக எரிக்கக் கற்றுக்கொண்ட முதல் கம்பெனிகளில் இதுவும் ஒன்று. நிர்வாக இயக்குநராக இருந்த ஹரி மோகன் பாங்கர் மும்பை ஐஐடியில் வேதிப்பொறியியல் படித்தவர் என்பது இதற்கு உதவியிருக்க வேண்டும். சூளையிலிருந்து வீணாக வெளியேறும் சூட்டைப் பிடித்து மின்சாரம் எடுக்கும் ஏற்பாட்டை மிகப் பெரிய அளவில் செய்தார்கள். தண்ணீர் இல்லாத நாட்டில் நீராவியைக் காற்றாலேயே குளிரவைத்தார்கள். பியாவரில் 300 மெகாவாட் மின்நிலையம் கட்டி, மிஞ்சிய மின்சாரத்தை விற்கவும் செய்தார்கள்.

மார்வாடி அலுவலகங்களில் பட்தா என்று ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு நாள் முடிவிலும் அன்றைய உற்பத்திச் செலவு என்ன, அன்றைய லாபம் என்ன என்று முதலாளி மேசைக்குக் கணக்குப் போக வேண்டும். மாதக் கடைசி வரை யாரும் காத்திருப்பதில்லை. நான் வேலை பார்த்த அலுவலகத்திலும் அது உண்டு. செலவு ஒரு ரூபாய் கூடினால் மறுநாள் காலையில் கேள்வி வரும். இந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்குச் சூளையின் புகைக்கூண்டு வழியாகப் போகும் சூடு பணமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

பெட் கோக்கை அப்படியே பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதன் புகை டெல்லியைச் சுற்றிய காற்றைக் கெடுக்கிறது என்று 2017 நவம்பர் முதல் உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான், ஹரியாணா, உத்தரப் பிரதேசத்தில் அதைத் தடை செய்தது. சுண்ணாம்பு கந்தகத்தைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும் என்பதால் டிசம்பரிலேயே சிமெண்ட் சூளைகளுக்கு விலக்கு கிடைத்தது. அறிவியல் அளவில் அந்த விலக்கு சரிதான். என்றாலும் மலிவு என்பதை மட்டும் பார்த்து ஒரு தொழில் எத்தனை தூரம் ஓடலாம் என்ற கேள்வியை அந்த வாரங்கள் எல்லோர் முன்னும் வைத்தன.

பிறகு ஸ்ரீ சிமெண்ட் கிழக்கே வந்தது. பீகாரின் ஔரங்காபாத்தில் 2014இல் அரைவை ஆலை. அடுத்து சத்தீஸ்கரின் பலோதா பஜாரில் கல்லோடு கூடிய சூளை. அந்தச் சூளையின் கிளிங்கர்தான் பீகாருக்கும் ஒடிஷாவுக்கும் ஜார்க்கண்டுக்கும் ஓடியது. கடைசியாக 2023இல் மேற்கு வங்காளத்தின் புருலியாவில் 30 லட்சம் டன் அரைவை ஆலை. கல்கத்தாவில் அலுவலகம் வைத்த கம்பெனி, வங்க மண்ணில் தன் முதல் மூட்டையை அரைக்கக் கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு காத்திருந்தது. அவர்களிடம் பணம் இல்லாமல் இல்லை. சத்தீஸ்கரில் சூளை நிற்கும்வரை அந்தத் தூரம் கட்டுப்படியாகாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன், எங்கள் கம்பெனியின் டீலர்கள் சிலரை அவர்கள் இழுத்துக்கொண்டபோதும்.

வெளிநாட்டுக்குப் போனது இதற்கு நடுவில். 2018 ஜனவரியில் ராஸ் அல் கைமாவின் யூனியன் சிமெண்ட் கம்பெனியை வாங்கப்போவதாக அறிவித்து, ஜூலையில் முடித்தார்கள். ஆண்டுக்கு 40 லட்சம் டன் திறன், மதிப்பு 30.5 கோடி டாலர். ஏன் அங்கே என்று அன்று எங்கள் வட்டாரத்தில் பலர் கேட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தால் விடை தெரியும். ஆலை இருக்கும் கோர் குவைரில் மலையே சுண்ணாம்புக்கல். பக்கத்திலேயே மொத்தச் சரக்கு ஏற்றும் சக்ர் துறைமுகம். தரையில் சிமெண்டின் எதிரியான தூரம், கடலில் பாதி பலம் இழந்துவிடும். சாலையில் சில நூறு கிலோமீட்டர் போக ஆகும் செலவில் கப்பலில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகலாம். கிளிங்கருக்கு வாய் திறந்து காத்திருக்கும் வங்கதேசத்து அரைவை ஆலைகளுக்கு அமீரகத்திலிருந்தே கப்பல்கள் வருகின்றன.

நம்மவர்களில் அந்தக் கடலோரத்துக்கு முன்னமே போனவர்கள் உண்டு. கீழக்கரை பி.எஸ். அப்துர் ரகுமான் வளர்த்த ஈடிஏ குழுமத்தின் ஸ்டார் சிமெண்ட், துபாயில் தொடங்கி பஹ்ரைன், வங்கதேசம் வரை கிளை விட்டிருந்தது. 2010இல் அதை பிர்லா குடும்பத்தின் அல்ட்ராடெக் வாங்கியது. அமீரகத்தில் அந்த நாட்டுக்குத் தேவையானதை விட ஆலைகள் அதிகம். விலை நசுங்கிக்கொண்டே இருக்கும். வெளிநாட்டில் கொடி நட்டதால் மட்டும் ஒரு கம்பெனி உலகப் போட்டியாளர் ஆகிவிடாது. அங்கே ஒரு டன் என்ன செலவில் கப்பலில் ஏறுகிறது என்பதுதான் கணக்கு. பியாவரில் கற்ற சிக்கனம் இல்லாமல் அங்கே போனவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது. லஃபார்ஜையே பாருங்கள்: உலகம் சுற்றிய கம்பெனி, 2016இல் லஃபார்ஜ் இந்தியாவை நிர்மாவிடம் விற்றுவிட்டது. இன்று அந்த ஆலைகளுக்கு நுவோகோ என்று பெயர்.

எங்கள் ஊர் ஆலையின் கதியும் என் மனதை அறுக்கிறது. தாழையூத்தில் 1949இல் உற்பத்தி தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், ஸ்ரீ சிமெண்ட்டை விட ஒரு தலைமுறை மூத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் ராசி சிமெண்ட் உட்பட ஆந்திர ஆலைகளை அது வாங்கிச் சேர்த்தது. கடனோடு வாங்கிய திறன், விலை விழும்போது சுமையாகத் திரும்பும். 2024 டிசம்பரில் அந்தக் கம்பெனி அல்ட்ராடெக்கின் கைக்குப் போனது. ஸ்ரீ சிமெண்ட் உள்நாட்டில் பெரும்பாலும் கட்டியது, அபூர்வமாகத்தான் வாங்கியது. இரண்டு கம்பெனிகளுக்கும் இடையிலான வித்தியாசத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. தெற்கில் தேவையை மிஞ்சிய ஆலைகள் இருந்தன, வடக்கில் சந்தை வேகமாக விரிந்தது. ஆனாலும் நிதானமாகக் கட்டுவதற்கும் அவசரமாக வாங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த இரண்டு கணக்குப் புத்தகங்களும் தெளிவாகக் காட்டுகின்றன.

இனி வரும் போட்டி கரியமில வாயுவில். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டாலே அந்த வாயு வெளியேறும். எரிபொருளை மாற்றினாலும் அது நிற்காது. ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஜனவரி முதல், தன் எல்லைக்குள் வரும் சிமெண்டுக்கு அதன் கரிம அளவைப் பார்த்துக் கட்டணம் விதிக்கும் முறையைத் தொடங்கியிருக்கிறது. கிளிங்கரைக் குறைத்துக் கசடும் சாம்பலும் கூட்டுகிறவனே அங்கே நிற்க முடியும். அந்த வித்தையில் கிழக்கிந்தியா எப்போதும் முன்னே நின்ற பிரதேசம். ஆகவே இந்த ஊரின் கொத்தனாரும் கோலாக்காரரும் பல பத்தாண்டுகளாகக் கசடு சிமெண்ட்டை நம்பியது வீண் போகவில்லை.

வீடு கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கம்பெனி எந்த நாட்டில் ஆலை வாங்கியது என்பது உங்கள் தளத்துக்கு ஒரு பலமும் சேர்க்காது. மூட்டையில் அச்சிட்டிருக்கும் வாரத்தையும் வருடத்தையும் பாருங்கள், எந்த ஆலையில் அரைத்தது என்று பாருங்கள். பக்கத்து ஆலையில் சமீபத்தில் அரைத்ததை வாங்குங்கள். மூன்று மாதம் தாண்டியதைப் பரிசோதிக்காமல் தொடாதீர்கள். தளம் போட்ட பிறகு குறைந்தது பத்து நாளாவது ஈரம் காயாமல் நனையுங்கள்.